அப்பம்மாவின் ரிமோட்: ஸ்மார்ட் டிவி வாங்கும் முன் வீட்டுக்குள் கேட்க வேண்டியவை

போன மார்கழியில் எங்கள் வீட்டு டிவியின் இடப்பக்கம் இருண்டு போனது. பதினொரு வருடம் உழைத்த டிவி. மூன்று நாள் அம்மா மிச்சப் பாதியிலேயே நாடகம் பார்த்தார். "பாதி முகம் தெரிஞ்சா காணும் தம்பி, கதை விளங்குது" என்றார்.

எங்கள் குடும்பத்தில் மின்சாரத்தில் ஓடும் எது பழுதானாலும் அது என் தலையில்தான் விழும். மாமியின் பிரின்டர் தொடக்கம் சித்தப்பாவின் வாசல் கமரா வரைக்கும் நான்தான் பார்ப்பது. மென்பொருள் பொறியாளர் என்று பெயர். அதற்கு மேல் ஒரு மாஸ்டர்ஸ் வேறு. "நீதானே உதெல்லாம் படிச்சனீ, நீயே பார்த்து எடு" என்று அம்மா சொல்லிவிட்டார்.

நானும் எடுத்தேன். மூன்று வாரம் அட்டவணை போட்டு, இரவிரவாக விமர்சன வீடியோக்கள் பார்த்து, பொக்சிங் டே மலிவில் 65 அங்குல டிவி ஒன்று எங்கள் ஸ்காபரோ வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் துள்ளினார்கள். நான் படத்தின் கறுப்பு நிறத்தைப் பார்த்து நெகிழ்ந்து போயிருந்தேன்.

நாலாம் நாள் வேலையால் வந்தபோது, அம்மா அணைந்து கிடந்த திரைக்கு முன்னால் சும்மா இருந்தார். மணி ஆறரை. அது அவருடைய நாடக நேரம்.

"என்னம்மா, நாடகம் பார்க்கேல்லையோ?"

"எனக்கு உது சரிவராது தம்பி. நான் போனிலயே பார்க்கிறன்."

என் எட்டு வயது மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். அப்பம்மா மூன்று நாளும் முயற்சி செய்திருக்கிறார். ரிமோட்டில் எண்களே இல்லை. எதையோ அழுத்தியதும் திரை நிறையப் படங்களும் விளம்பரங்களும் வந்திருக்கின்றன. இன்னொன்றை அழுத்த, கடவு எண் கேட்டிருக்கிறது. விலை கூடிய சாமானை உடைத்துவிடுவேனோ என்ற பயத்தில் நிறுத்திவிட்டார்.

இதில் ஒரு நாடகம் மட்டும் போகவில்லை. பழைய டிவி இருந்த காலத்தில் அந்த அரை மணி நேரமும் மகள் அப்பம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பாள். "அவ ஏன் அழுறா?", "அந்த மாமா நல்லவரா?" என்று கேட்பாள். அம்மா கதையை அவிழ்த்துச் சொல்லுவார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளை, யாரும் சொல்லாமலே தமிழில் கேள்வி கேட்டது அந்த அரை மணி நேரத்தில்தான். புது டிவி வந்த பிறகு அம்மா தன் அறையில் போனோடு, மகள் சோபாவில் ஆங்கில ஸ்லைம் வீடியோவோடு. ஊருக்கெல்லாம் செயலி எழுதிக் கொடுக்கிறவன், பெற்ற தாய்க்குத் திறக்கத் தெரியாத ஒரு திரையைச் சொந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன்.

அந்தப் பிழையைத் திருத்த எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின. உங்களுக்கு அது போகாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு துண்டுக் கடதாசி

கடைக்குப் போக முன்னர், டிவிக்கு முன்னால் யார் யார், எத்தனை மணிக்கு, என்ன பார்க்கிறார்கள், எந்தக் கதிரையில் இருந்து பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கடதாசி இப்படி: அம்மா, பகலில் ஐந்தாறு மணி நேரம், தமிழ்ச் செய்தியும் நாடகமும், ஜன்னல் பக்கத்துச் சோபா. பிள்ளைகள், பின்னேரம், யூடியூப். மனைவியும் நானும், இரவு ஒன்பதுக்குப் பிறகு ஒரு படம். மருமகன் வந்தால் கேம்.

இதைப் பார்த்த உடனேயே ஒன்று விளங்கும். டிவி வாங்குவது நான். கூட நேரம் பார்ப்பது அம்மா. என்னுடைய அட்டவணையில் அம்மாவுக்கு ஒரு நிரல்கூட இருக்கவில்லை.

எத்தனை அங்குலம்?

டிவியின் அளவு என்பது மூலைக்கு மூலை எடுக்கும் அளவு. சோபாவில் இருந்து திரை வரை உள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்து 1.6 ஆல் வகுத்தால், வசதியான அளவு கிடைக்கும். ஏழு அடி நாலு அங்குலத்துக்கு 55, எட்டு அடி எட்டு அங்குலத்துக்கு 65, பத்து அடிக்கு 75. படமே பிரதானம் என்பவர்கள் இதைவிட ஒரு படி பெரிதாக எடுக்கலாம்.

65 அங்குல டிவியின் அகலம் ஏறக்குறைய 144 சென்ரிமீற்றர். பல டிவிகளுக்குக் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன. இப்போதுள்ள மேசை அந்தக் கால்களைத் தாங்கும் அகலமா என்று பாருங்கள். சுவரில் மாட்டுவதென்றால் பின்பக்கத் துளைகளுக்கு இடையிலான தூரம் மில்லிமீற்றரில் தரப்பட்டிருக்கும். வேசா அளவு என்று சொல்வார்கள். தாங்கியும் அதே அளவுக்குப் பொருந்த வேண்டும். மேசையில் வைப்பவர்கள், வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால், டிவியைப் பட்டி போட்டுச் சுவரோடு கட்டுங்கள். மெல்லிய டிவி லேசாகச் சரிந்து விழும்.

திரை வகைகள்: பெயருக்குப் பின்னால் என்ன?

எல்இடி, கியூலெட், மினி எல்இடி, ஓலெட் என்று கடையில் நாலு பெயர் சொல்லுவார்கள். வழமையாக முதல் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றிலும் முன்னால் எல்சிடி திரை, பின்னால் வெளிச்சம். கியூலெட் என்றால் நிறத்தைக் கூட்ட இடையில் ஒரு குவாண்டம் டொட் படலம். மினி எல்இடி என்றால் பின்னால் உள்ள விளக்குகள் மிகச் சிறியவை, பல பகுதிகளாகத் தனித்தனியே மங்கவும் ஒளிரவும் கூடியவை. ஓலெட் வேறு சாதி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி முற்றாக அணைந்துவிடும். இருட்டறையில் படம் பார்க்க அதற்கு நிகர் இல்லை.

நான் ஓலெட் எடுப்பதாகத்தான் இருந்தேன். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மாமி ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் நியூஸ் சானலைப் போட்டு வைக்கிறவ?" ஓலெட் திரையில் ஒரே சின்னமும் ஒரே செய்திப் பட்டையும் மாதக்கணக்கில், நாளுக்குப் பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடம் மற்ற இடத்தை விடக் கெதியாகத் தேய்ந்து நிழலாகத் தங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. தடுக்கும் வசதிகள் வந்திருக்கின்றன, ஆனால் ஆபத்து முற்றாகப் போகவில்லை. எங்கள் வரவேற்பறையில் பகல் முழுக்க வெயில் வேறு. ஆகவே வெளிச்சம் கூடிய மினி எல்இடிக்கு மாறினேன். அந்த வாங்கலில் நான் சரியாகச் செய்த ஒன்று அது. அதுவும் மனைவி சொல்லி.

பக்கவாட்டில் இருந்து பார்ப்பவர்கள் இருந்தால், கடையில் டிவிக்கு நேரே நிற்காதீர்கள். ஓரத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். சில எல்சிடி திரைகளில் ஓரத்தில் நிறம் வெளுத்துப் போகும். அம்மாவின் சோபா இருப்பது ஓரத்தில்தான்.

4கே என்பது 3840க்கு 2160 புள்ளிகள். பழைய முழு எச்டியின் நான்கு மடங்கு. இப்போதைக்கு இது தாராளமாகக் காணும். 8கேயில் பார்க்கப் படைப்புகள் மிகக் குறைவு. எச்டிஆர் என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் கோப்பை ஓட்டும் திறன் வேறு, அதைக் காட்டும் அளவுக்குத் திரையில் வெளிச்சம் இருப்பது வேறு. மலிவு டிவிகளில் முன்னது இருக்கும், பின்னது இராது. அதேபோல் அசைவு வேகம் 240 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உண்மையான புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா என்று கேளுங்கள். விளையாட்டும் கேமும் இல்லாத வீட்டுக்கு 60 போதும்.

டிவியைத் திருப்பிப் பாருங்கள்

எல்லோரும் முன்பக்கத்தைப் பார்த்து டிவி வாங்குகிறோம். வீட்டுக்கு வந்ததும் தகராறு தொடங்குவது பின்பக்கத்தில்.

எச்டிஎம்ஐ போர்ட்கள் எத்தனை என்று எண்ணுங்கள். தமிழ்ச் சானல் பெட்டிக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, ஸ்ட்ரீமிங் குச்சிக்கு ஒன்று என்றாலே நாலு ஆகிவிட்டது. மூன்று போர்ட் மட்டும் உள்ள டிவிகள் நிறைய. எல்லாப் போர்ட்டும் ஒரே மாதிரியும் இல்லை. எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 கிகாபிட் வரை கடத்தும். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் காட்ட அது போதும். 2.1 அதிகபட்சம் 48 கிகாபிட். புதிய கேம் பெட்டிகள் 4கேயை 120 ஹெர்ட்ஸில் தருவது இதன் வழியாகத்தான். சில டிவிகளில் ஒன்றிரண்டு போர்ட்டுக்கு மட்டுமே அந்த வேகம் இருக்கும். ஆர்க் அல்லது இ-ஆர்க் என்று எழுதிய போர்ட் சவுண்ட்பாருக்கு உரியது. அதில் வேறு எதையும் சொருகி வைக்காதீர்கள்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் செருகும் மூன்று துளைகள் ஞாபகம் இருக்கிறதா? பல புதிய டிவிகளில் அவை இல்லை. அம்மா அப்பாவின் கல்யாண வீடியோ ஓடும் எங்கள் பழைய டிவிடி பிளேயருக்கு அதுதான் ஒரே வழி. இதற்குச் சின்ன மாற்றிப் பெட்டி ஒன்று விற்கிறார்கள். மூன்று வயரில் இருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும், எச்டிஎம்ஐயில் இருந்து மூன்று வயருக்கு மாற்றுவதும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. இன்னும் விஎச்எஸ் கசட்டாகவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: ஊரில் பதிந்த கசட் பால் முறையில் இருக்கும். வட அமெரிக்காவின் சாதாரண டெக் என்டிஎஸ்சி முறை, அதில் ஓடாது. கசட் இன்னும் பழுதாக முன்னர், இரண்டு முறையும் தெரிந்த இடத்தில் கொடுத்து டிஜிட்டலாக்கி யூஎஸ்பியில் போட்டு வையுங்கள். பிறகு டிவியின் யூஎஸ்பி போர்ட்டிலேயே பார்க்கலாம்.

அன்டெனா செருகும் துளையையும் மறக்க வேண்டாம். ரொறன்ரோவில் சிஎன் கோபுரத்தில் இருந்து வரும் உள்ளூர்ச் சானல்களை ஒரு சிறு அன்டெனாவால் இலவசமாகப் பிடிக்கலாம். இன்டர்நெட் போன நாளிலும் செய்தி வரும்.

டிவியின் மூளை கெதியில் கிழமாகும்

ஸ்மார்ட் டிவி என்றால் ஒரு திரையும் ஒரு சிறு கணினியும் ஒரே உடம்பில் இருப்பது. சாம்சங்கில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், சோனியில் கூகுள் டிவி, சிலவற்றில் ரோக்கு அல்லது ஃபயர் டிவி. திரை பத்து வருடம் உழைக்கும். அந்தக் கணினி அவ்வளவு காலம் தாக்குப் பிடிக்காது. செயலிகள் வளர்ந்துகொண்டே போகும், டிவிக்குள் இருக்கும் சிப் அப்படியே இருக்கும். 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங், விசியோ டிவிகளில் நெட்ஃபிளிக்ஸ் செயலி நின்று போனது இப்படித்தான். திரைக்கு ஒரு குறையும் இல்லை. மென்பொருளுக்கு வயசு போய்விட்டது.

மென்பொருள் செய்கிறவன் என்ற முறையில் நான் சொல்வது இது: காசைத் திரைக்குக் கொடுங்கள், மூளைக்குக் கொடுக்காதீர்கள். ஐந்து வருடத்தில் டிவி மந்தமானால், எச்டிஎம்ஐயில் சொருகும் ஒரு ஸ்ட்ரீமிங் குச்சியை வாங்கிப் போட்டால் புது மூளை வந்துவிடும். டிவியோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறிது. அதற்காக எந்த மூளையும் சரி என்று விட்டுவிடவும் வேண்டாம். உங்கள் வீட்டில் பார்க்கும் தமிழ்ச் சானல்களின் செயலி அந்த டிவியில் கிடைக்குமா என்று கடையிலேயே தேடிப் பாருங்கள். போனில் இருப்பதெல்லாம் டிவியில் இருக்கும் என்று இல்லை.

4கே படம் தடங்கல் இல்லாமல் வர நொடிக்கு 15 மெகாபிட் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. மேல்மாடியில் ரவுட்டரும் பேஸ்மென்டில் டிவியுமாக இருந்தால், குற்றம் பெரும்பாலும் வைஃபையில் இருக்கும், டிவியில் இராது. முடிந்தால் ஒரு ஈதர்நெட் வயர் இழுத்துவிடுங்கள்.

சத்தம்

டிவி மெலிய மெலிய ஸ்பீக்கருக்கு இடம் இல்லாமல் போனது. பல டிவிகளில் அது கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கிறது. வயதானவர்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்வது பெரும்பாலும் சத்தம் காணாமல் இல்லை, சொல் தெளிவில்லாமல். ஒரு சாதாரண சவுண்ட்பாரே பெரிய வித்தியாசம் தரும். அதற்கு முன், சத்த அமைப்பில் குரலைத் தெளிவாக்கும் தெரிவு இருந்தால் போட்டுப் பாருங்கள். புளூடூத் ஹெட்போன் தேவைப்படும் பெரியவர் வீட்டில் இருந்தால், ஹெட்போனிலும் ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் சத்தம் வருமா என்று கேளுங்கள். சில டிவிகளில் ஹெட்போன் போட்டதும் மற்ற எல்லோருக்கும் ஊமைப்படம்தான்.

வீட்டுக்கு வந்த அன்று

முதலில் கேட்கும் கேள்வியில் வீட்டு முறையைத் தெரிவு செய்யுங்கள். கடை முறையில் விட்டால் கண்ணைக் குத்தும் வெளிச்சத்தில் நிற்கும். பழைய படங்களும் நாடகம் போல வழுவழுவென்று ஓடினால், அசைவை மென்மையாக்கும் அமைப்பை நிறுத்துங்கள். சினிமா நொடிக்கு 24 சட்டகம். டிவி இடையில் தானாகவே சட்டகங்களைச் செய்து போடுவதால் வரும் கோலம் அது. ஃபிலிம்மேக்கர் முறை என்று இருந்தால் அதைத் தட்டினாலே போதும்.

அடுத்தது, டிவி உங்களைப் பார்ப்பதை நிறுத்துவது. திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் உண்டு, ஏசிஆர் என்பார்கள். 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் அனுமதி பெறாமல் இப்படித் தரவு சேகரித்த வழக்கில், விசியோ நிறுவனம் 2017இல் 22 லட்சம் டொலர் செலுத்திச் சமரசம் செய்தது. சாம்சங்கில் வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ், எல்ஜியில் லைவ் பிளஸ் என்று இது வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். தேடி நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் சம்மதம் என்ற பொத்தானை அவசரத்தில் அழுத்தாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தனித்தனிக் கணக்குப் பிரித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் என் யூடியூப் கணக்கிலேயே பார்த்ததால், அம்மாவின் பக்தி வீடியோக்களுக்கு நடுவில் ஸ்லைம் வந்து நின்றது. பணம் கட்டி வாங்கும் எதற்கும் கடவு எண் போடுங்கள்.

கடைசியில் அம்மாவுக்கு

அம்மாவின் பிரச்சினைக்கு மருந்து டிவிக்குள்ளேயே இருந்தது. எச்டிஎம்ஐயில் சிஇசி என்று ஒரு வசதி உண்டு. ஒரு வயரால் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று எழுப்பவும் அணைக்கவும் அது உதவும். சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர். எங்கள் டிவியில் அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதைப் போட்டேன். டிவி திறந்தவுடன் விளம்பரப் பக்கம் வருவதையும் நிறுத்தினேன். இப்போது அம்மா தமிழ்ப் பெட்டியின் பழைய ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பெட்டி எழும்பும், டிவியும் எழும்பித் தானாகவே அந்தச் சானலுக்குப் போகும். எண்கள் உள்ள, அவர் கைக்குப் பழகிய அதே ரிமோட். புது டிவியின் ரிமோட்டை லாச்சிக்குள் வைத்துவிட்டோம்.

நீங்கள் வாங்கும்போது பெட்டியை எறியாதீர்கள், திருப்பிக் கொடுக்கும் கடைசி நாளைக் குறித்து வையுங்கள். அந்த நாளுக்குள், வீட்டில் வயது கூடியவர் யாருடைய உதவியும் இல்லாமல் தனக்கு வேண்டியதைப் போட்டுப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது. நாங்கள் வேலையில் செயலியைச் சோதிப்பதும் இப்படித்தான்.

போன கிழமை ஆறரை மணிக்கு நான் குசினியில் நின்றேன். நாடகத்தின் ஆரம்ப இசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, மாமியார் எண்டா கெட்ட ஆக்களா?"

எங்கள் வீட்டில் மாமி என்றுதான் சொல்வது. மாமியார் என்ற சொல் அவளுக்கு நாடகத்தால் வந்தது. நான் பதில் தேடிக்கொண்டு நிற்க, சோபாவில் அம்மாவும் கதவடியில் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

"இஞ்ச வா, நான் சொல்லுறன்" என்று அம்மா அவளைப் பக்கத்தில் இருத்தினார்.